தலைவர் போனபின் கட்சி யார் கையில்? சின்னம், பொதுக்குழு, கையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பதவியில் இருக்கும்போதே மூன்று முதல்வர்கள் மறைந்திருக்கிறார்கள். 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா, 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர்., 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா. மூவரும் தங்கள் கட்சியின் முகமாகவும் இருந்தவர்கள். முதல் முறை ஒரே வாரத்தில் புதிய முதல்வர் வந்துவிட்டார். இரண்டாம் முறை கட்சி உடைந்து, ஆட்சியும் போய், மறுபடி ஒன்றுசேர 14 மாதம் ஆனது. மூன்றாம் முறை ஆறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. கண்ணீருக்கும் கூட்டத்துக்கும் மூன்று முறையும் குறைவில்லை. வித்தியாசம் எல்லாம் விதிப் புத்தகத்திலும் கையெழுத்திலும்தான். கேள்விகளும் அதைச் சுற்றியே வருகின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் அதிமுகவிலிருந்து வருவதற்குக் காரணம், ஒரே கட்சி இரண்டு முறை இதைக் கடந்து வந்திருப்பதுதான்.

தலைவர் இறந்த அன்றிரவே செய்தாக வேண்டியது என்ன?

ஆட்சிப் பொறுப்பையும் கட்சிப் பொறுப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஆட்சிக்கு வழி இருக்கிறது. ஆளுநர் ஒருவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைப்பார். 1969-லும் 1987-லும் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர் நெடுஞ்செழியன். (இரண்டு முறையும் நாற்காலி அவரிடம் தங்கவில்லை.) 2016-ல் ஓ. பன்னீர்செல்வம் நள்ளிரவு தாண்டிப் பதவியேற்றார்.

கட்சிக்கு அப்படித் தானாக ஓடும் ஏற்பாடு எதுவும் கிடையாது. முதலில் விதிப் புத்தகத்தை எடுத்து, தலைமைப் பதவி காலியானால் யார் பொறுப்பு, பொதுக்குழுவை யார் கூட்டுவது என்ற இரண்டையும் படியுங்கள். அடுத்து, தீர்மானப் பதிவேடு, முத்திரை, லெட்டர்பேடு, காசோலைப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, தேர்தல் ஆணையத்துக்குக் கடைசியாக அனுப்பிய நிர்வாகிகள் பட்டியலின் நகல் ஆகியவை எங்கே இருக்கின்றன, சாவி யாரிடம் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் முன்னிலையில் பட்டியல் போட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. பின்னால் தகராறு வரும்போது அந்த ஒற்றைத் தாளுக்கு இருக்கும் மதிப்பு இரங்கல் தீர்மானத்துக்கு இருக்காது.

பொதுச்செயலாளர் இடத்துக்குப் பொதுக்குழுவே ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாதா?

உங்கள் விதி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. அதிமுகவில் சிக்கல் தொடங்கியதே இங்குதான். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அக்கட்சியின் விதி. பொதுக்குழு மற்ற விதிகளை மாற்றலாம், இதை மட்டும் மாற்ற முடியாது என்றும் எழுதிவைத்திருந்தார்கள். கட்சி நாலு பேர் கைக்குள் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் பதவி திடீரென்று காலியானால், லட்சக்கணக்கான உறுப்பினர்களிடம் தேர்தல் நடத்தி முடிக்கும்வரை யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை.

அந்த இடைவெளியில் 2016 டிசம்பர் 29-ல் பொதுக்குழு கூடி சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமித்தது. அடிப்படை உறுப்பினர்கள் வாக்களிக்காத நியமனம் செல்லுமா என்ற கேள்வியைத்தான் எதிரணி கையில் எடுத்தது. 2017 செப்டம்பர் 12-ல் கூடிய பொதுக்குழு, ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அறிவித்துவிட்டு, ஒருங்கிணைப்பாளர் (பன்னீர்செல்வம்), இணை ஒருங்கிணைப்பாளர் (எடப்பாடி பழனிசாமி) என்று இரண்டு பதவிகளை உண்டாக்கியது. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எதுவும் செல்லும். இரண்டு அணிகளை இணைக்க அப்போதைக்கு அது உதவியது. ஆனால் ஒருவர் பேனாவை மூடினால் கட்சியே நின்றுவிடும் ஏற்பாடு அது. 2022-ல் அப்படியே நின்றது.

புதிதாக விதி எழுதுபவர்கள் மூன்று வரி சேர்த்தால் போதும்: பதவி காலியானால் அவைத்தலைவரோ பொருளாளரோ இத்தனை நாள் பொறுப்பில் இருப்பார், அவர் இத்தனை நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும், அதுவரை வேட்பாளருக்குச் சின்னம் பெற்றுத்தரும் ஏ, பி படிவங்களில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

பொதுக்குழுவைச் செல்லுபடியாகும் வகையில் கூட்டுவது எப்படி?

அதிமுக விதியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை கூட்டம், 15 நாள் முன்னறிவிப்பு. ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் கூட்ட வேண்டும். மற்றக் கட்சிகளில் எண்கள் வேறாக இருக்கலாம், சங்கதி இதேதான். அழைப்பு அனுப்பியவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, அழைப்பு எல்லா உறுப்பினருக்கும் போனதா, நாள் கணக்குச் சரியா, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா, நிகழ்ச்சி நிரலில் இருந்ததைத்தான் நிறைவேற்றினார்களா என்று நீதிமன்றம் வரிசையாகப் பார்க்கும்.

2022 ஜூன் 23 வானகரம் கூட்டத்தை மட்டும் கவனித்தால் போதும். முந்தைய நள்ளிரவில் உயர்நீதிமன்றத்தில் அவசர விசாரணை தொடங்கி விடியற்காலையில் உத்தரவு வந்தது: ஏற்கெனவே தயாரான 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் நிறைவேற்றக் கூடாது. ஒற்றைத் தலைமைத் தீர்மானத்தைத் தடுத்துவிட்டோம் என்று பன்னீர்செல்வம் தரப்பு நினைத்தது. காலையில் கூட்டம் 23 தீர்மானங்களையும் நிராகரித்துவிட்டு, அடுத்த பொதுக்குழு ஜூலை 11-ல் என்று அறிவித்துக் கலைந்தது. மண்டபத்தில் ஆள் பலம் இல்லாதவர் கையில் நீதிமன்ற உத்தரவு இருந்தும் முடிவைச் சில நாள் தள்ளிப்போட முடிந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 11 கூட்டத்தில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் அடுத்த ஏழு மாத வழக்கு. ஆகஸ்ட் 17-ல் தனி நீதிபதி ஜூன் 23 நிலையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது.

நடைமுறைக்கு: அழைப்பிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதுகளை மாவட்ட வாரியாகக் கோத்து வையுங்கள். வாசலில் கையெழுத்துப் பதிவேடு இரண்டு பிரதி. உள்ளே வருபவர் உறுப்பினர்தானா என்று அட்டையைப் பார்த்து விடுங்கள். கூட்டம் முழுவதையும் வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

சின்னத்தை முடக்குவது யார்? பிறகு யாருக்குக் கிடைக்கும்?

தேர்தல் ஆணையம். 1968-ஆம் ஆண்டு சின்னங்கள் ஆணையின் 15-ஆம் பத்தி அந்த அதிகாரத்தைத் தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியில் இரண்டு அணிகள் ‘நாங்களே கட்சி’ என்று வந்தால் ஆணையம் விசாரித்து முடிவு சொல்லும். 1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது இரட்டைக் காளைச் சின்னத்துக்காக நடந்த வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் இன்றுவரை அடிப்படை. கட்சியின் கொள்கை, கட்சியின் விதி, அமைப்பிலும் சட்டமன்ற நாடாளுமன்றத்திலும் உள்ள பெரும்பான்மை ஆகியவற்றை ஆணையம் பார்க்கும். கொள்கையை இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒப்பிப்பார்கள். விதியை இருவருமே மீறியிருப்பார்கள். கடைசியில் தலையெண்ணிக்கையில் வந்து நிற்கும்.

விசாரணை முடிவதற்குள் தேர்தல் வந்துவிட்டால் சின்னத்தையும் கட்சிப் பெயரையும் முடக்கிவைப்பார்கள். 2017 மார்ச் 22-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக இரட்டை இலை முடக்கப்பட்டது. சசிகலா தரப்பு அதிமுக (அம்மா) என்ற பெயரில் தொப்பியுடனும், பன்னீர்செல்வம் தரப்பு அதிமுக (புரட்சித்தலைவி அம்மா) என்ற பெயரில் இரட்டை விளக்கு மின்கம்பத்துடனும் இறங்கின. பெயரையும் சின்னத்தையும் தேர்ந்தெடுக்கச் சில மணி நேரமே கிடைக்கும். ஆகவே விருப்ப வரிசையில் மூன்று பெயர், மூன்று சின்னம் முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். சின்னம் ஆணையத்தின் பொதுப் பட்டியலில் இருக்க வேண்டும். சுவரில் ஐந்து நிமிடத்தில் வரைய முடிகிறதா, மங்கலான அச்சிலும் அடையாளம் தெரிகிறதா, கிராமத்தில் ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். மின்கம்பம் இந்தச் சோதனையில் தேறாது.

அணிகள் இணைந்த பிறகு 2017 நவம்பர் 23-ல் இரட்டை இலை பழனிசாமி – பன்னீர்செல்வம் தரப்புக்கு வந்தது.

பிரமாணப் பத்திரங்கள் சேகரிக்கிறோம். எங்கே தவறு வரும்?

பெரும்பாலும் பட்டியலில். ‘உறுப்பினர்’ என்று யாரை எண்ணுவது என்பதற்குத் தலைவர் உயிரோடு இருந்தபோது இருந்த பொதுக்குழுப் பட்டியலைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். அவர் மறைந்த பிறகு ஒரு அணி சேர்த்தவர்களையும் நீக்கியவர்களையும் எதிர்த்தரப்பு நிச்சயம் ஆட்சேபிக்கும்.

ஒவ்வொரு பத்திரத்திலும் பெயர், தந்தை பெயர், முகவரி, கட்சிப் பதவி, எந்தத் தேதியிலிருந்து அந்தப் பதவி, உறுப்பினர் எண், யாரை ஆதரிக்கிறார் என்பவை இருக்கட்டும். நோட்டரி முத்திரையும் பதிவேட்டு எண்ணும் தெளிவாக விழ வேண்டும். ஒன்றியச் செயலாளர் ஒருவரே தன் வீட்டில் உட்கார்ந்து இருபது பேருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நம் ஊரில் நடக்கும் காரியம். எதிர்த்தரப்பு அவர்களில் ஒருவரை அழைத்துவந்து ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று சொல்ல வைத்தால் மொத்தக் கட்டின் மீதும் சந்தேகம் விழும். ஒரே ஆள் இரண்டு அணிக்கும் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. எழுதியவரை உறுப்பினர் அட்டையோடு படம் எடுத்து வைத்தால் பாதித் தலைவலி குறையும். இறந்தவர்களையும் கட்சி மாறியவர்களையும் நீங்களே முதலில் கழித்துவிடுங்கள்.

ஏ படிவம், பி படிவம் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

சின்னம் வேட்பாளருக்குப் போய்ச் சேருவதே இந்த இரண்டு தாள் வழியாகத்தான். ஏ படிவத்தில் ‘எங்கள் வேட்பாளர்களை அறிவிக்கும் அதிகாரம் இன்னாருக்கு’ என்று கட்சி சொல்லும், அவருடைய மாதிரிக் கையெழுத்தும் அதில் இருக்கும். பி படிவத்தில் அந்த நபர் ‘இந்தத் தொகுதியில் இவர்தான் எங்கள் வேட்பாளர், இவர் மனு தள்ளுபடியானால் மாற்று இன்னார்’ என்று எழுதித் தருவார். வேட்புமனுவின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் இருக்க வேண்டும். மையால் போட்ட அசல் கையெழுத்துதான் செல்லும். ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து, நகல், ஃபேக்ஸ் எதுவும் செல்லாது. 3.05-க்கு வந்த படிவம் வராத படிவம்தான்.

தலைமை யார் என்பதில் தகராறு என்றால் கையெழுத்திட ஆளே இருக்காது. 2022 ஜூலையில் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தல்களில் ஒருங்கிணைப்பாளரும் இணை ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து கையெழுத்திடாததால் அதிமுகவினர் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சைச் சின்னங்களில் நின்றார்கள். 2023 பிப்ரவரி ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில், வேட்பாளரைப் பொதுக்குழு உறுப்பினர்களே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

வேட்பாளராக நிற்பவர் செய்துகொள்ள வேண்டிய காப்பு ஒன்று உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பி படிவம் வரும் என்று நம்பி ஒரே கையெழுத்தோடு மனு போட்டவருக்குப் படிவம் வராவிட்டால் மனுவே தள்ளுபடி. ஒருவர் நான்கு மனுக்கள்வரை தாக்கல் செய்யலாம். எனவே ஒன்றைக் கட்சி வேட்பாளராகவும் இன்னொன்றைப் பத்து முன்மொழிவோடு சுயேச்சையாகவும் போட்டு வையுங்கள். டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும்; சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் மூன்றில் ஒரு பங்கு எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். பிளவு என்று சொல்லிக் கட்சித்தாவல் தடைச் சட்டத்திலிருந்து தப்பலாமா?

முடியாது. அந்தச் சலுகையை 2003-ல் வந்த 91-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது மூன்றில் இரண்டு பங்குடன் இன்னொரு கட்சியில் இணைவது மட்டும்.

அப்படியென்றால் எதிர்த்து நிற்கும் எம்.எல்.ஏ.வின் பதவி போய்விடுமா?

சட்டம் ஒன்று சொல்லும், சபாநாயகர் யார் என்பது இன்னொன்று சொல்லும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று வென்றது. எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரும் பிறகு அணிகள் இணைந்ததும் ஆளுங்கட்சியாகிவிட்டார்கள், அவர்கள் பதவி போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்த தினகரன் ஆதரவாளர்கள் 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பர் 18-ல் தகுதிநீக்கம் செய்தார். தாமாகவே கட்சி உறுப்பினர் பதவியைத் துறந்ததாகக் கொள்ளப்பட்டது. 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 18 தொகுதிகள் 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல்கள்வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன.

கொறடாவை நியமிப்பது சட்டமன்றக் குழு அல்ல, அரசியல் கட்சி என்று சிவசேனா வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எம்.எல்.ஏ.க்களைச் சொகுசு விடுதியில் அடைத்துவைப்பதற்கு முன்னால் கட்சியின் தீர்மானப் பதிவேட்டைப் பாருங்கள்.

வங்கிக் கணக்கும் கட்சி அலுவலகமும்?

பொருளாளர் கையெழுத்தில்தான் கணக்கு ஓடும். ஆகவே தகராறு தொடங்கியதும் இரு தரப்பும் முதலில் கடிதம் எழுதுவது வங்கிக்குத்தான்: ‘நானே பொருளாளர், வேறு யாருக்கும் பணம் தராதீர்கள்.’ 2017-லும் 2022-லும் அப்படித்தான் நடந்தது. தீர்மானத்தின் சான்றிட்ட நகல், புதிய மாதிரிக் கையெழுத்துகள், ஆணையத்துக்கு அனுப்பிய கடிதத்தின் ஒப்புகை மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால்தான் வங்கி அசையும். நிர்வாகிகள் மாறினால் தாமதமின்றி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவு. அனுப்பிய தேதி இங்கே முக்கியம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை பத்திரத்தைவிட அன்றைக்கு யார் வசம் இருந்தது என்பதை முதலில் பார்ப்பார்கள். 2022 ஜூலை 11-ல் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் மோதல் நடந்ததும் வருவாய்க் கோட்டாட்சியர் சீல் வைத்தார். ஒன்பது நாளில் உயர்நீதிமன்றம் சாவியைப் பழனிசாமி தரப்பிடம் கொடுக்கச் சொன்னது.

2018-ல் கருணாநிதி மறைந்தபோது திமுகவில் ஏன் இப்படி நடக்கவில்லை?

வேலையை முன்பே முடித்துவைத்திருந்தார்கள். 2017 ஜனவரி 4 பொதுக்குழுவில் செயல் தலைவர் பதவியை உண்டாக்கி அதில் ஸ்டாலினை அமர்த்தினார்கள். கருணாநிதி மறைந்தது 2018 ஆகஸ்ட் 7. இடையில் ஒன்றரை ஆண்டு மாவட்டச் செயலாளர்கள் நியமனம், கூட்டணிப் பேச்சு எல்லாம் அவர் கையெழுத்தில் பழகிவிட்டன. ஆகஸ்ட் 28-ல் பொதுக்குழு கூடித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அழகிரி செப்டம்பர் 5-ல் மெரினாவுக்குப் பேரணி போனார். ஆனால் 2014-லேயே நீக்கப்பட்டவர் என்பதால் பொதுக்குழுவுக்குள் அவருக்கென்று ஒரு ஓட்டும் இல்லை. வாரிசு அரசியல் என்று விமர்சிக்கலாம். ஏற்பாட்டில் ஓட்டை இல்லை.

கன்ஷிராமும் 2001-லேயே லக்னோ கூட்டத்தில் மாயாவதிதான் தன் வாரிசு என்று அறிவித்துவிட்டார். 2006-ல் அவர் மறைந்தபோது பகுஜன் சமாஜில் சின்னத் தகராறு எழவில்லை. எதிர் உதாரணம் லோக் ஜனசக்தி. மகனைக் கட்சித் தலைவராக்கிவிட்டுத்தான் 2020 அக்டோபரில் ராம்விலாஸ் பாஸ்வான் மறைந்தார். அப்படியும் எட்டே மாதத்தில் ஆறு எம்.பி.க்களில் ஐவர் சித்தப்பா பக்கம் போனார்கள். பங்களா சின்னம் முடங்கி, ஒருவருக்கு ஹெலிகாப்டர், மற்றவருக்குத் தையல் இயந்திரம். நாற்காலியைக் கொடுத்தால் மட்டும் போதாது, எம்.பி.க்கள் அந்தக் கையெழுத்துக்குப் பழக நாள் வேண்டும்.

சின்னம் போனால் எல்லாம் போயிற்றா?

ஒரு தேர்தலுக்குத் தாங்கலாம். 1989 ஜனவரியில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். சேவல் 27 இடம் பிடித்தது, புறா ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது, ஜானகி அம்மையாரே ஆண்டிபட்டியில் தோற்றார். இரு அணிகளின் வாக்குகளைக் கூட்டினால் சுமார் 30 சதவீதம். திமுக 33 சதவீதத்தில் 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. முடிவு வந்த மறு மாதமே இணைந்தார்கள், இலை திரும்பியது, மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி இரண்டையும் வென்றார்கள். யாருக்கு ஆதரவு என்பதை மக்கள் எண்ணிக் கொடுத்துவிட்ட பிறகு இணைப்புப் பேச்சு சுலபம்.

2017 டிசம்பரில் தினகரன் குக்கர் சின்னத்தில் ஆர்.கே. நகரை 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், அதுவும் இரட்டை இலையை எதிர்த்து. ஆனால் அந்த வேகம் 2019-ல் பரிசுப்பெட்டியோடு நின்றது. 2021-ல் அவருடைய கட்சியான அமமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. ஒரு தொகுதியில் ஒரு சின்னத்தை வீடு வீடாக அறிமுகப்படுத்தலாம். 234 தொகுதியில் அதற்கு ஆளும் பணமும் நாளும் போதாது.

எங்களுடையது பதிவு மட்டும் செய்த சிறிய கட்சி. ஆணையம் விசாரிக்குமா?

15-ஆம் பத்தி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத்தான். நீங்கள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும்.

கிளை அளவில் தொண்டர்கள் கலையாமல் இருக்க என்ன செய்வது?

இரண்டு அணியும் ஒரே ஊருக்கு இரண்டு கிளைச் செயலாளரைப் போடுவதில்தான் சேதம் ஆரம்பிக்கிறது. பிறகு மேலே இணைந்தாலும் கீழே இருவரில் ஒருவரை இறக்க வேண்டும். இறங்கியவர் அடுத்த தேர்தலில் வீட்டோடு இருப்பார், இல்லை எதிர்க்கட்சியில் இருப்பார். விசாரணை முடியும்வரை கிளை, வட்ட நிர்வாகிகளைத் தொடாதீர்கள். வாக்குச்சாவடிக் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் நோட்டிலும் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் அணி மாறினால் பட்டியலும் அவரோடு போய்விடும். கொடிக்கம்பத்துக்காக மட்டும் கைகலப்பில் இறங்க வேண்டாம், வழக்குப் பதிவானால் அடுத்த மூன்று ஆண்டு வாய்தாதான்.

மறைந்த தலைவரின் படத்தை இரு அணியும் போடலாமா? கொடியை?

படத்தை யாரும் போடலாம், 2017-லிருந்து எல்லா அணியும் போட்டது. கட்சிப் பெயர், கொடி, சின்னம், லெட்டர்பேடு அப்படியல்ல. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் பன்னீர்செல்வம் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, ஓ. பன்னீர்செல்வம் என்ற அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். சின்னம் இல்லாமல் நிற்பவர் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்: வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படம் இருக்கும், எனவே துண்டறிக்கையில் அதே படத்தையும் வரிசை எண்ணையும் சின்னத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாக அச்சடியுங்கள். வரிசை எண் தெரிவது மனு வாபஸ் நாளுக்குப் பிறகுதான் என்பதால் அச்சகத்தில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு மற்றதை முன்பே கோத்து வைக்கச் சொல்லுங்கள்.